சூப்பர்வைசருக்கு எதிரே ஒரு நாற்காலி

என் செல்ல அப்பா,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உன் படம் போட்ட பேனர் இன்னும் வடக்குத்து பஸ் ஸ்டாப்பில் தொங்குகிறது. ‘தெய்வத்திரு ஏழுமலை அவர்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது உன்னை யாரப்பா ‘அவர்கள்’ என்றார்கள்?

உன் நிலக்கரி மைன்ஸ் சூப்பர்வைசருக்கு உன் வயதில் பாதிதான் இருக்கும். பொங்கலுக்குக் கரும்பு கொடுக்க என்னையும் அவர் ஆபீசுக்குக் கூட்டிப் போனாய்.

“டேய் ஏழுமலை, அங்க வச்சிட்டுப் போடா.”

“சரிங்க சார்” என்று சிரித்தாய். அவருக்கு எதிரே நாற்காலி காலியாகக் கிடந்தது. இத்தனை வருஷக் காண்ட்ராக்ட் வேலையில் ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை என்று வழியில் பெருமையாகச் சொன்னாய். “மரியாதைம்மா அது.” உனக்கு யார் அதைத் திருப்பிச் செய்தார்கள்?

நீ இறந்த அன்று அவர் மாலையோடு வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு, ஐஸ் பெட்டி பக்கத்தில் நின்றார். அவர் நிற்க, நீ படுத்திருந்தது அன்றைக்கு மட்டும்தான். “தங்கமான மனுஷருங்க அவரு. எந்த உதவின்னாலும் ஆபீசுக்கு வாங்கம்மா” என்றார். அழுதுகொண்டிருந்த அம்மா எழுந்து போய் அவருக்கு நாற்காலி தேடினாள்.

முந்தாநாள் போனோம். அம்மாவுக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலையாவது கேட்டு நான்தான் மனு எழுதினேன். ஒன்பதாவதோடு நின்றவள் எழுதிய மனுவில் எத்தனை ‘தாழ்மையுடன்’ என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

“யாரும்மா நீ?”

“ஏழுமலை வூட்டுக்காரிங்க சார்.”

“எந்த ஏழுமலை?”

உன் கருமாதிப் பத்திரிகையை மேசைமேல் வைத்தேன். படத்தைப் பார்த்தார்.

“ஓ, அவனா! சரி, மனுவ வச்சிட்டுப் போ.”

அதே நாற்காலி காலியாகத்தான் இருந்தது. எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, இழுத்துப் போட்டேன். “உக்காரும்மா.” அம்மா பதறினாள். தோளை அழுத்தி உட்கார வைத்தேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். “திங்கக்கெழம வா, பாக்கலாம்” என்றார்.

வழியெல்லாம் அம்மா திட்டிக்கொண்டே வந்தாள். “கெடைக்கிற வேலையக் கெடுத்துட்டியேடி! உங்கப்பா இருந்தா இப்பிடிச் செய்வியா?”

நீ இருந்திருந்தால் நீயும் நின்றிருப்பாய். உன் பின்னால் நானும் நின்றிருப்பேன்.

திங்கட்கிழமை போவோம் அப்பா. வணக்கம் வைப்பேன், ‘சார்’ என்றுதான் கூப்பிடுவேன். வேலை கிடைக்குமோ கிடைக்காதோ. அம்மாவை மட்டும் நிற்க விடமாட்டேன். எந்த ஏழுமலை என்று மறுபடி கேட்டால், இந்தத் தடவை வாய் திறந்து நானே சொல்வேன்.

கரும்பைப் பிடித்துக்கொண்டு உன் பின்னால் நின்ற மகள்,
சங்கீதா