அம்மா வழியாக வந்தது

என் சாமி கதிரு,

உன் அக்கா எழுதுகிறேன். உடம்பெல்லாம் ஒரே அலுப்பு. நீ இருந்திருந்தால், "ஈ ஓட்டிட்டுத்தானேக்கா இருக்கறே, அதுல என்ன அலுப்பு?" என்று கேட்டிருப்பாய்.

உண்மைதான். நீ எங்களை விட்டுப் போன பிறகு கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, பழ ஈக்களைத்தான் வளர்க்கிறேன். எந்த மரபணு கெட்டால் ஈக்குப் பறக்கும் தசை சரியாக உருவாகாது என்று பார்க்கும் வேலை. பொள்ளாச்சி வெல்லமும் சோளமாவும் காய்ச்சி ஊற்றி வளர்ப்பேன். கரண்ட் போனால் வெக்கையில் செத்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு வகை ஈயில், தாய் நன்றாகவே பறக்கும். அதன் ஆண் பிள்ளைகளில் பாதி, பாட்டிலைத் தட்டினால் பொத்தென்று அடியில் விழும். நடக்க நடக்க விழுந்தாயே, உன் தசைநோய் இதிலிருந்து வேறுபட்டது. ஆனால் அதுவும் பெரும்பாலும் தாயிடமிருந்தே மகனுக்கு வருகிறது. அந்த ஈக்களைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைப்புத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெருந்துறையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். "சொந்தத்துல கட்டுனதாலதான் பையனுக்கு அப்படியாச்சு, வெளியில குடுத்தா ஒண்ணும் ஆகாதுங்க" என்று ஊரே தேற்றுகிறது. அத்தை மட்டும் பழையபடி அம்மாவின் வயிற்றைத்தான் குறை சொல்கிறாள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

நேற்று பூண்டு உரித்துக்கொண்டே அம்மா கேட்டாள். "ஏங்கண்ணு, வெளியில குடுத்தா செரியாப் போயிருமா?"

போகாது என்றேன். எனக்குள்ளும் அது இருக்கலாம், எனக்குப் பிறக்கும் பையனுக்கும் வரலாம் என்றேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது, நீயே சொல்.

"அப்ப உங்கத்தை சொன்னது நெசந்தானா, அம்மணி?"

"நீங்க தெரிஞ்சா குடுத்தீங்கம்மா?" என்றேன்.

அவள் அழவில்லை. உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டபடி, "வாரவங்ககிட்ட நானே சொல்லிப்போடறேன். எனக்குத்தான் கட்டிக் குடுக்கறப்ப ஆரும் சொல்லலை" என்றாள்.

பெருந்துறைக்காரர்கள் காபியோடு எழுந்து போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அத்தையும் அங்கேதான் இருப்பாள். அவள் முன்னால் அம்மா தன் வாயால் இதைச் சொல்லவேண்டுமே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், சாமி. பூ வைத்துக்கொண்டு உள்ளே காத்திருக்க மாட்டேன். அம்மா வாயைத் திறக்கும்போதே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். முதல் வார்த்தையை அவள் சொல்லட்டும். மீதி அத்தனையையும் நான் சொல்கிறேன்.

உன்னைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்த உன் அக்கா,
பூங்கொடி