ஊர்ப் பிரமுகர்

தை மாதம், திங்கட்கிழமை இரவு.

கும்பாபிஷேகத்துக்கு அழைக்க மிராசுதார் வீட்டு மகன் இன்று எங்கள் வீட்டுக்கே வந்தார். அந்த வீட்டு வயலில் நாற்று நட்டவள் என் அம்மா.

"டாக்டரம்மா, இப்ப நீங்கதான் ஊர்ப் பிரமுகர். ஃபிளெக்ஸ்ல உங்க போட்டோவும் போட்டிருக்கோம்" என்றார்.

பிரமுகர் என்றால் பட்டும் சென்ட்டுமாக மேடையில் உட்காருகிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு எதற்குத் திடீரென்று அந்தப் பேர்? பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது. எங்கள் தெரு ஓட்டுக்காகவா?

அவர் போனதும் அம்மாவிடம் கேட்டேன்.

"பேரு என்ன வேணா வைப்பாங்க. நீ குடுத்த காப்பியப் பாரு" என்றாள்.

டம்ளர் நிறைய அப்படியே இருந்தது. ஆடை படிந்திருந்தது.

சுகர் இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன்.