மாதிரி எடுக்க வந்தவர்கள்

உப்பளம், புதுச்சேரி
ஐப்பசி, 1960

அன்பு மகன் உத்திராபதிக்கு,

பாரீசில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மணக்குள விநாயகரை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தங்கச்சி சுலோசனாவும் உடம்பளவில் சுகம். மனசைப் பற்றி நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. தீபாவளித் தையல் முடிந்து மிஷினுக்கு இப்போதுதான் ஓய்வு. சுலோசனாவைக் கடலூரிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பையனுக்கு ரயில்வேயில் வேலை, இவளுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, வாயைத் திறந்து சொல்லத்தான் மாட்டேன் என்கிறாள். அப்பாவுக்கு மில்லில் பகல் ஷிப்டு கொடுத்துவிட்டார்கள், இருமல் குறைந்திருக்கிறது. நல்ல சேதி இவ்வளவுதான். நம் முசே செத்துப்போன சேதி எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரியும்.

வெள்ளைக்காரர்கள் கப்பலேறின வருஷம், நான் கவுன் தைத்துக் கொடுத்த வீட்டு மதாம் என் மடியில் போட்டுவிட்டுப் போன மான்குட்டி அது. புட்டியில் பால் கொடுத்து வளர்த்தோம், நடையில் என்ன மிடுக்கு பார் என்று நீதானே முசே என்று பேர் வைத்தாய், பிரெஞ்சுத் துரைமாரைக் கூப்பிடுகிற பேரால் மானைக் கூப்பிடுகிறார்களே என்று தெருவே சிரித்தது. நீ மான் இனத்தை ஆராய்ச்சி பண்ணப் பிரான்சுக்குப் போனதும், எல்லாம் எங்கள் முசேவைப் பார்த்து வந்த ஆசைதான் என்று ஜாக்கெட் தைக்க வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அங்கத்து மான்களெல்லாம் ஒரே பருவத்தில் கொம்பை உதிர்க்கும், நம் புள்ளிமான் மட்டும் ஏன் இஷ்டப்பட்ட மாதத்தில் உதிர்க்கிறது என்று நீ கேட்டு எழுதினாய். உதிர்ந்த கொம்பைத் துணியில் சுற்றிக் கப்பலில் போகிறவர்களிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்பினேன். புதுக்கொம்பு வெல்வெட் போர்த்தினதுபோல் முளைக்கிற சமயத்தில் அது யாரையும் கிட்டே விடாது, என்னை மட்டும் விடும், தையல் நாடாவால் அளந்து அளந்து உனக்கு எழுதினேன். பிறந்த வருஷம் தெரிந்த மான் கிடைப்பது அபூர்வம் அம்மா, காட்டு மானுக்கு யார் ஜாதகம் எழுதினார்கள் என்று நீ எழுதினபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதை எதற்கு எழுதினாய் என்று அப்போது உறைக்கவில்லை.

போன கடிதத்தில், முசேவிடம் மாதிரி எடுக்க மதராஸிலிருந்து இரண்டு பேர் வருவார்கள், ஒத்தாசையாக இருங்கள் என்று எழுதியிருந்தாய். மாதிரி என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஆளை நிற்க வைத்து அளந்து பழைய பேப்பரில் வெட்டி வைத்துக்கொள்வது. அதைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து முசேவைக் குளிப்பாட்டித் துவட்டி, பெரிய மார்க்கெட்டிலிருந்து அகத்திக்கீரை வாங்கிவந்து வைத்திருந்தேன். வந்தவர்களைக் கண்டதும் அது மிரண்டு உதைத்தது. நீங்க புடிச்சிக்கினா அடங்கும்மா என்றார் பெரியவர். ஊசியைப் பார்த்தேன், ஆடாமல் நிற்கப் போடுகிறார்கள் என்று நினைத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டேன், சும்மாயிருடா முசே, அளவுதான் எடுக்கறாங்க என்று அதன் காதில் சொன்னேன். கீரை வாயில் இருக்கும்போதே காலை மடக்கிப் படுத்துவிட்டது. மயக்கம்தான், கொண்டுபோய் அளப்பார்கள் என்று நினைத்தேன். வண்டியில் ஏற்றுகிறபோது, எப்பொ கொண்ணாந்து வுடுவீங்க என்று நான் கேட்க, அந்த மனுஷர் என்னை ஒரு மாதிரி பார்த்து, உங்க புள்ள எழுதலியாம்மா, மாதிரின்னா முழுசாத்தான், தோலு எலும்பு கொம்பு எல்லாம் பாரீசுக்குப் போவுது என்றார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், அவர் முகமும் செத்துப்போயிற்று.

எதிர்வீட்டு ஜெயம், தன் கனகாம்பரத்தை மேய்ந்துவிட்டது என்று எத்தனை தடவை சண்டைக்கு வந்திருப்பாள், அவள்தான் என்னைவிட அதிகம் அழுதாள். உன் அப்பா, படிப்புக்குத்தானே கேட்டான், வுடு என்றார். சொல்லிவிட்டு, மறுநாள் மில்லிலிருந்து வரும்போது பழக்கத்தில் ஒரு கட்டு கீரையோடு வந்து கொல்லைப்பக்கம் நின்றார்.

நீ மிஷினுக்குக் கீழே வெட்டுத்துணி பொறுக்கி விளையாடி வளர்ந்தவன். மாதிரி என்று எழுதினால் அம்மா என்ன புரிந்துகொள்வாள் என்று உனக்கா தெரியாது? கொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தால் அழுதிருப்பேன், உன்னைத் திட்டியிருப்பேன், கடைசியில் உனக்காகச் சரி என்றும் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லையே. என் கையாலேயே பிடிக்க வைத்துவிட்டாயே. பெற்றவளை இப்படி ஏமாற்றலாமா? எனக்கு இன்னும் ஆறவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. உன் ஆராய்ச்சி நல்லபடியாக முடியட்டும், நீ தீர்க்காயுசாக இரு. பெற்ற வாய்க்கு வேறு சொல்லத் தெரியாது.

சட்டை தைத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். நீ கப்பலேறுவதற்கு முன் நான் உனக்கு எடுத்த மாதிரி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. அதை வைத்து இனி வெட்டமாட்டேன். சட்டை வேண்டுமானால் வந்து என் முன்னால் நில், புதிதாக எடுக்கிறேன். பயப்படாதே, நான் மாதிரி எடுத்தவர்கள் எல்லாரும் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சொர்ணம்