இவர் பேசாத ஞாயிறுகள்

ஜூன் 3, செவ்வாய்

நான் சந்தேகப்பட்டது சரிதான். இவர் குரல்நாணில் கட்டி. அரிசி அளவுதானாம், எடுத்துவிடலாமாம். ஆனால் எடுத்த பிறகு ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்றார் டாக்டர். குரல் பழையபடி வருமா என்று கேட்டேன். "வரலாம்" என்றார். மருந்துக்கடையில் நின்று டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பிழைக்கிறவளுக்கு அந்த 'லாம்' புரியாதா?

இவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு மட்டும் பேசிக்கொள்ளலாமா? ஞாயிறும் ஒரு கிழமைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் இருமல் மிட்டாய்க் காகிதங்கள். வேறு கடையில் வாங்கி, எனக்குத் தெரியாமல் எத்தனை நாளாகச் சப்பிக்கொண்டிருந்தாரோ. மருந்துக்கடைக்காரி புருஷன் செய்கிற காரியமா இது?

ஜூன் 6, வெள்ளி

நேற்று கட்டியை எடுத்தாயிற்று. கெட்ட கட்டியாகத் தெரியவில்லையாம். ஸ்தோத்திரம்.

என்னைக் கூப்பிட இவர் கைதட்டுகிறார். நான் புறா இல்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது டம்ளரில் கரண்டியால் தட்டுகிறார். அது அதைவிட மோசம்.

ஜூன் 8, ஞாயிறு

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

எல்லாரும் வந்தால் நாற்பது பேர், அழுகிற குழந்தைகளையும் சேர்த்து. அவ்வளவுதான் எங்கள் சபை. கீழே டயர் கடை, மேலே நாங்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய சபைக்காரர்கள் எங்களை 'டயர் கடை மாடி' என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த மாடிக்கு நாங்களே வெள்ளையடித்தோம், நாங்களே நாற்காலி தூக்கினோம், எங்கள் பிள்ளைகள் அங்கேதான் பாடக் கற்றார்கள்.

இன்று பாட்டும் ஜெபமும் மட்டும் நடந்தன. பிரசங்கம் இல்லை. இவர் வழக்கம்போல முன்னால் தன் நாற்காலியில் எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின பிள்ளை மாதிரி. கடைசியில் செயலர் அண்ணன் எழுந்தார். ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா அவர். வீட்டில் பால் வாங்கச் சொல்வதையும் சுற்றறிக்கை மாதிரிதான் சொல்வார். "போதகரின் உடல்நிலையைக் கருத்தில் கொண்டு" என்று ஆரம்பித்து, சபையைத் தற்காலிகமாகப் பெரிய சபையோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு தீர்மானம். ஜூலை முதல் ஞாயிறு ஓட்டெடுப்பு.

தற்காலிகமாம்! எங்கள் கடையில் ஒரு களிம்புக்கு 'தற்காலிகமாக இருப்பில்லை' என்று அட்டை தொங்குகிறது. அந்தக் களிம்பு செய்கிற கம்பெனியையே மூடிவிட்டார்கள்.

அதுவரைக்கும் பிரசங்கம் யார் செய்வது என்று அவர் கேட்டார். "நான் பண்றேன்" என்று ஒரு குரல். யாரென்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 11, புதன்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இதுவரை நம் மேடையில் பெண்கள் பாடியிருக்கிறார்கள், பெருக்கியிருக்கிறார்கள். பேசியதில்லை.

செயலர் அண்ணன் கடைக்கே வந்து, ஆட்சேபம் ஒன்றுமில்லை, பழக்கம் இல்லையே என்றுதான் பார்க்கிறேன் என்று மென்று விழுங்கினார். பழக்கம் இல்லாமல்தான் எல்லாரும் பிறக்கிறோம் என்றேன். சர்க்கரை மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இவர் சிலேட்டில் பெரிதாக எழுதிக் காட்டுகிறார்: 'உன்னால் முடியும்.' எழுதுகிறவருக்கு என்ன கஷ்டம்? பிறகு கீழே மூன்று தலைப்புகள் எழுதினார். அன்பு, அமைதி, அர்ப்பணிப்பு. மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டுமாம், அப்போதுதான் ஜனங்களுக்கு நினைவிருக்குமாம். இவருடைய எந்த மூன்றாவது தலைப்பு எனக்கு நினைவிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. உடம்பு சரியில்லாத மனிதர்.

ஜூன் 15, ஞாயிறு

என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

நன்றாகத்தான் ஆரம்பித்தது. அன்பு முடிந்து அமைதிக்கு வந்தேன். கீழே டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரெஸரைப் போட்டார்கள். அது ஓடும்போதெல்லாம் இவர் நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வார், ஜெபிக்கிறார் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பொறுமை ஏது? மாலை நேரக் கூட்டத்தில் கடையில் கத்துவேனே, அந்தக் குரலை எடுத்து, "பின்னாடி கேக்குதா இல்லையா?" என்று கத்தினேன். சரியாக அந்த நொடியில் கம்ப்ரெஸர் நின்றது. என் கத்தல் மட்டும் கூடத்தில் தனியாக நின்றது. ஒரு குழந்தை வீறிட்டது.

முதலில் சிரித்தது இவர்தான். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கக் குலுங்க. பிறகு மொத்தச் சபையும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்துப் பார்த்தால் அமைதியில் எந்த வரியில் இருந்தேன் என்று தெரியவில்லை. அப்போது வாய் தானாகக் கடைப் பேச்சுக்குப் போய்விட்டது. "மாத்திரையைப் பாதியில நிறுத்துறவங்க எல்லாம் கை தூக்குங்க."

பாதிச் சபை தூக்கியது. இவரும் தூக்கினார்!

பிடித்துக்கொண்டேன். ஐந்து நாளைக்குக் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதென்று மீதியை அலமாரியில் போடுகிறீர்கள், பாதி செத்த நோய் உள்ளேயே உட்கார்ந்து பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வருகிறது என்றேன். மன்னிப்பையும் அப்படித்தான் பாதியில் நிறுத்துகிறோம் என்றேன். மன்னித்தாயிற்று என்று வாயால் சொல்லிவிட்டு, அவர் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்க்கிறோம். முழுசாகச் சாப்பிட்டு முடித்தால்தான் அது மருந்து.

எனக்கே ரோமம் சிலிர்த்தது.

அப்புறம்தான் பார்த்தேன். முன் வரிசையில் செயலர் அண்ணன் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருக்கிறார். கடைசி ஜன்னலோரம் அவருடைய சொந்தத் தம்பி, பஸ் ஓட்டுகிற டிரைவர் தம்பி, தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். தன் மகள் கல்யாணத்துக்கு அண்ணனை நேரில் வந்து கூப்பிடாமல் தம்பி போனில் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகளுக்குக் குழந்தையே பிறந்து நடக்க ஆரம்பித்துவிட்டது.

அவர்களை நினைத்து நான் பேசவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் நாற்பது பேர் சபையில் எதைப் பேசினாலும் யார் மேலாவது படத்தான் செய்கிறது. கடைசி ஜெபத்துக்கு முன்பே டிரைவர் தம்பி எழுந்து போய்விட்டார்.

ஜூன் 16, திங்கள்

வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்னடி?

ஜூன் 18, புதன்

டயர் கடைக்காரர் கடைக்கு வந்தார். நம் சபைக்காரர் இல்லை. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "அந்த மாத்திரை விஷயம் கீழ வரைக்கும் கேட்டுச்சும்மா. நல்லா போய்க்கிட்டிருந்தப்ப ஒரு லாரி வந்துருச்சு, காத்து அடிக்கப் போயிட்டேன். முடிவு என்ன ஆச்சு?" என்றார். தலைவலித் தைலம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே முடிவைச் சொன்னேன். இனிமேல் ஞாயிறு பிரசங்கம் நடக்கிற அந்த ஒரு மணி நேரம் கம்ப்ரெஸரைப் போட மாட்டாராம்.

நடந்து வீட்டுக்கு வந்தேன் என்று சொல்ல முடியாது. மிதந்துதான் வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நம் சபையில் அழகு நிலையம் நடத்துகிற தங்கச்சி தானாக வந்து, நான் பேசட்டுமா அக்கா என்று கேட்டாள். என் நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருத்தியும் கண்ணாடியைப் பார்த்த உடனே தன்னைத்தான் திட்டிக்கொள்கிறாள் என்று ஆரம்பித்தாள். சின்னப் பேச்சுதான். நான்கு பெண்கள் அழுதார்கள், நான் ஐந்தாவது. அடுத்த வாரத்துக்குத் தச்சர் பெயர் கொடுத்திருக்கிறார். எங்கே இருந்தார்கள் இவர்கள் எல்லாம், இத்தனை வருடமாக?

ஜூன் 24, செவ்வாய்

வீட்டில் கூட்டம் தாங்கவில்லை. நலம் விசாரிக்க வருகிறார்கள், உட்காருகிறார்கள், பேச ஆரம்பிக்கிறார்கள், எழுந்து போக மனம் வருவதில்லை. முன்பெல்லாம் யாராவது குறையைச் சொல்ல வாயெடுத்தால் இவர் பைபிளில் அதிகாரமும் வசனமும் சொல்லி அனுப்பிவிடுவார். இப்போது வழியில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தச்சரின் மனைவி, மகன் போன் பண்ணுவதில்லை என்பதை இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவரிடம் சொல்கிறாளாம்.

அவள் போன பிறகு சிலேட்டில் எழுதினார்: 'நான் வாயை மூடினால் நல்ல போதகர்.' விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன். ஜோக் அடித்தால் குரலில் ஒரு இழுப்பு இருக்கும் இவருக்கு. எனக்கு அந்த இழுப்பு வேணும். வரலாம்னா என்ன அர்த்தம்? வரணும்.

ஜூன் 27, வெள்ளி

மாலையில் செயலர் அண்ணன் வந்தார். இவரும் அவரும் முன்னறையில். நான் ஒட்டுக்கேட்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் அப்படி.

முதலில் தீர்மானத்தைப் பற்றி அலுவலகப் பாஷையில் பேசினார். எதிரே பதில் வராததால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பாஷை தீர்ந்துபோய்விட்டது. "அவனை நான் தோள்ல தூக்கி வளர்த்தேன் பாஸ்டர். போன்ல கூப்பிடுறான், ஊரான் மாதிரி. இங்க நாப்பது பேர். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் இருக்கான். அங்க ஆயிரம் பேரு, கூட்டத்துல கரைஞ்சு போயிடலாம்."

அதற்குத்தானா பெரிய சபை? இவர் உடல்நிலையைக் கருத்தில் கொண்டது இதற்குத்தானா? கரண்டியோடு முன்னறை வாசலுக்கு வந்துவிட்டேன், நாலு கேள்வி கேட்கலாமென்று. அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். இவர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தார். நான் கண்ணை உருட்டினேன். மூடிக்கொண்டார்.

கேள்வி எதுவும் கேட்காமல் அடுப்படிக்குத் திரும்பினேன். காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். அண்ணன் குடித்துவிட்டுப் போனார். தீர்மானத்தை வாபஸ் வாங்குவதாகச் சொல்லவில்லை.

ஜூலை 5, சனி

நாளைக்கு எந்தப் பக்கம் எத்தனை ஓட்டு என்று எண்ணிப் பார்க்க மாட்டேன் என்றிருந்தேன். எண்ணிவிட்டேன். செயலர் அண்ணன் பக்கம்தான் கொஞ்சம் கூடுதல் என்று தோன்றுகிறது. வயதானவர்களுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, அங்கே லிஃப்ட் இருக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா?

ஜூலை 6, ஞாயிறு

வென்றோம். இல்லை, யாரும் தோற்கவில்லை. என்ன நடந்ததென்று வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

ஆராதனை முடிந்ததும் செயலர் அண்ணன் எழுந்து தீர்மானத்தைப் படித்தார். போட்டுவிட்ட தீர்மானத்தைப் படிக்காமல் விடுகிற மனிதர் இல்லை. இதை வழிமொழிபவர் யார் என்று கேட்டார். ஜன்னலோரத்தில் நாற்காலி இழுபடுகிற சத்தம். டிரைவர் தம்பி எழுந்து நின்றார்.

அய்யோ, அவருமா என்று நினைத்தேன்.

"எனக்கு வழிமொழியவும் தெரியாது, எதிர்க்கவும் தெரியாது," என்றார். பஸ்ஸில் 'உள்ளே போங்க' என்று சொல்கிற அதே உரத்த குரல், பாதியில் உடைந்தது. "அண்ணன் அங்க போனா நானும் அங்க வருவேன். ஆயிரம் பேர்ல எந்த மூலைல உக்காந்தாலும் தேடி வந்து பக்கத்துல உக்காருவேன். நேர்ல வராதது என் தப்பு. இப்ப நேர்ல வந்து சொல்றேன்." சொல்லிக்கொண்டே நடுவழியில் நடந்து வந்து அண்ணன் முன்னால் நின்றுவிட்டார்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்து, "தீர்மானத்தை முன்மொழிந்தவர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்" என்றார். தன்னைப் பற்றித்தான் அப்படி!

அடுத்த நொடி தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தச்சர் யாரும் சொல்லாமலே பாட்டை எடுத்தார், எல்லாரும் எழுந்து பாடினோம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழேயிருந்து டயர் கடைக்காரர் படியேறி வந்து, என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டு, புரியாமலே கைதட்டினார். இவர் பாட முடியாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார், கண்ணீர் தாடையில் வழிய. இந்த மாடியை யாராவது இனி மாடி என்று கேலி செய்து பார்க்கட்டும்!

வயதானவர்களைப் படியில் நாற்காலியோடு தூக்கி வர நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு பெயர் அண்ணனும் தம்பியும்.

ஜூலை 14, திங்கள்

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். ஆறிவிட்டது, ஏதாவது சொல்லுங்கள் என்றார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மனிதர், வசனம் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பினார். "காலைல சாப்பிட்டியா?"

கரகரத்த குரல், கொஞ்சம் கீழே இறங்கின குரல். பாட்டில் மேலே போக இனி முடியாதாம். அதனால் என்ன? இழுப்பு இருக்கிறது! டாக்டர் முன்னாலேயே ஓவென்று அழுதுவிட்டேன். இல்லை, சாப்பிடவில்லை என்று அழுதுகொண்டே சொன்னேன்.

ஜூலை 20, ஞாயிறு

இவர் குரல் கேட்க ஜனங்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். பழைய கோட்டைத் தேய்த்துப் போட்டிருந்தார். 'ஆ' வரிசையில் மூன்று தலைப்புகள் தயார். எழுந்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். கூடம் இரண்டாகிவிடும்போலக் கைதட்டல். கை ஓய்ந்ததும் முன் வரிசையிலிருந்து ஒரு கனைப்பு. செயலர் அண்ணன் காகிதக் கட்டோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"பாஸ்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னைக்கு என் முறை."

டிரைவர் தம்பி போன ஞாயிறு பேசியிருந்தார், நன்றாகவே பேசியிருந்தார். அண்ணன் அதற்குக் குறையாமல் பேச வேண்டாமா? இரண்டு வாரமாகத் தயார் செய்கிறாராம், அவர் மனைவி சொன்னாள். இவர் தன் குறிப்பை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. மேடையைக் கைகாட்டிவிட்டு இறங்கினார். முன்னால் இருந்த தன் நாற்காலியில் உட்காரவில்லை. நடந்து வந்து என் வரிசையில் நின்று, இந்த இடம் காலியா என்று கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சபையில் என் பக்கத்து நாற்காலியில் உட்காருவது என் கைப்பைதான். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் பொருளடக்கத்தோடு ஆரம்பித்தார். முதல் பிரிவு முடிவதற்குள் இவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது, மெல்லிய குறட்டையோடு. நான் எழுப்பவில்லை.