வண்டிக்கு விசில் எங்கே

மர்பி டவுன், பெங்களூர்
14.5.1999

அன்புள்ள உமேஷுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். வண்டியும் சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, சிகாகோ குளிரைச் சமாளித்துக்கொண்டு இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போன தடவை அனுப்பிய போட்டோவில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருக்கிறது, தூங்கு. வண்டி சுகம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன், ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல மாதங்கள் இருக்கின்றன. ஃபோனில் சொல்ல முடியாது. நீ கூப்பிடும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் கடிதம்.

நீ போன அன்று தொடங்கியது இது. ஆயுத பூஜை முடிந்த கையோடு உன்னை அதே ஃபியட்டில்தான் ஏர்போர்ட்டில் விட்டோம், ஞாபகம் இருக்கும். உள்ளே போகும் முன் நீ பாக்கெட் பாக்கெட்டாகக் கர்சீப் தேடினாய், கிடைக்கவில்லை, கடைசியில் அப்பாவின் தோள் துண்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாய். மறுநாள் காலை வாசல் பெருக்கப் போனேன். வண்டிக்கு அடியில் ஒரு கறை. எட்டணா அளவு. வாரம் திரும்புவதற்குள் தோசை அளவு. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார், மோந்தார். இன்ஜின் ஆயில், பையன் போன ஏக்கம், நாலு நாளில் சரியாகிவிடும் என்றார். பெட்ரோலில் ஓடுவதற்கு ஏக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் சாயங்காலமானால் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்ததும் அப்போதுதான். கிளப்புவதில்லை. ஸ்டியரிங்கில் கை. கண்ணாடி ஏற்றிய நிலையில். என்ன செய்கிறீர்கள் என்றால் பிரேக் பார்க்கிறேன் என்பார். பிரேக் பார்க்க இவ்வளவு நேரமா என்று நான் கேட்கவில்லை.

எண்ணெய் ஒழுகுவது ஊருக்குத் தெரிந்தது கிறிஸ்துமஸ் அன்று. எதிர்வீட்டு நோரா வழக்கம்போல் கேக் எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் வண்டியைப் பார்த்து நின்றுவிட்டாள். அடியில் சொட்டுப் பிடிக்க உன் அப்பா வைத்திருந்தது அவளுடைய கேக் ட்ரே. எப்போதோ பலகாரம் வைத்துக் கொடுத்தது, நாங்கள் திருப்பித் தராதது. “மாசம் முழுக்க இந்த ட்ரேயத் தேடினேன் மேன். உங்க வண்டியும் கேக் சுடுதா?” என்றாள். உன் அப்பா ட்ரேயைத் துடைத்துக் கொடுக்கப் போனார். வேண்டாம், இனிமேல் அது வண்டிக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு ஜனவரியில் நீ ஃபோனில், அந்த டப்பாவைத் தள்ளிவிட்டுப் புது வண்டி வாங்கிக்கொள்ளுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். எனக்குத் தெரியும். அன்று சாம்பாரில் உப்பு இல்லாததை உன் அப்பா கண்டுபிடிக்கவில்லை. அதிலிருந்து நீ புரிந்துகொள்ள வேண்டும்.

நோராவின் மகள் லினெட்டுக்கு ஈஸ்டர் கழித்துக் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை காக்ஸ் டவுன், நல்ல உயரம், அதிகம் பேசுவதில்லை. லினெட் ஒரே பிடிவாதம், சர்ச்சுக்குப் போனால் ஜெயராம் அங்கிள் வண்டியில்தான் போவேன் என்று. நீயும் அவளும் நம் ஃபியட்டில்தானே பள்ளிக்கூடம் போனீர்கள். நோராவுக்குத் தலைவலி. வெள்ளை கவுன், தரையைக் கூட்டுகிற நீளம், ஏறுகிற இடத்தில் எண்ணெய்க் குட்டை. எங்கள் வாசலில் நின்றே மகளைக் கேட்டாள், “அந்த வண்டில ஏறினா கவுன் என்ன ஆவும், யோசிச்சியாடி? சர்ச்சுக்குப் போறியா, மெக்கானிக் ஷெட்டுக்குப் போறியா?” உன் அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். பேப்பர் கையிலேயே இருந்தது. “கல்யாணத்தன்னிக்கு இதுலேர்ந்து ஒரு சொட்டு விழுந்தா, மறுநாளே நானே சிவாஜிநகர் காயலான் கடைல தள்ளிட்டு வந்துடறேன்” என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உன் அப்பா சொன்னால் செய்கிறவர். ஒரு கோபத்தில் சிகரெட்டை விட்டார். அதே மாதிரி இன்னொரு கோபத்தில் உன் பெரியப்பாவோடு பேச்சை விட்டார். இரண்டையும் திரும்பத் தொடவில்லை. வண்டி போனால் சாயங்காலம் எங்கே போய் உட்காருவார் என்றுதான் எனக்கு யோசனை.

மெக்கானிக் நாகேஷை உனக்குத் தெரியும். அவன் வந்தான். மேல் மூடியின் பேக்கிங் போய்விட்டது என்றான், மாற்றினான், கை துடைத்தான், “ஆய்த்து சார், இனிமே ஒரு சொட்டு வராது” என்றான். மேலே வரவில்லை. கீழே வந்தது. ஆயில் சேம்பர் பேக்கிங்கை மாற்றினான். ஆய்த்து சார். கீழே நின்றது, முன்னால் வந்தது. முன்பக்கத்து சீலை மாற்றினான். ஆய்த்து. அது பின்பக்கம் போனது. எங்கே அடைத்தாலும் வேறு எங்கோ வழி கண்டுபிடித்தது. எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. இன்னொன்று, எண்ணெய் அளக்கிற குச்சி இருக்கிறதே, பானட்டைத் திறக்கும்போதெல்லாம் அது பாதி வெளியே எழும்பி நிற்கும். சரியாகச் சொருகுவதில்லை என்று உன் அப்பா நாகேஷைத் திட்டுவார், சார்தான் பார்த்துவிட்டு அப்படியே விடுகிறார் என்று நாகேஷ் என்னிடம் சொல்வான். குச்சி இருவரையும் பொருட்படுத்தவில்லை.

கடைசியில் நாகேஷ் ஒரு யோசனை சொன்னான். இன்ஜினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மேலே பவுடர் தூவி, ஒரு சுற்றுப் போய்வந்தால் எங்கே ஈரமாகிறதோ அங்கேதான் ஒழுகல். சாக்பீஸ் தூள் வேண்டும் என்றான். உன் அப்பா என் முகப் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புது டப்பா. அல்சூர் ஏரியைச் சுற்றிவிட்டு வந்து பானட்டைத் திறந்தார்கள். தெருவே மல்லிகை மணம். இருவரும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு நாகேஷ் நிமிர்ந்து மெல்லச் சொன்னான், “எல்லா எடத்துலயும் ஒழுகுது சார்.” இன்ஜினையே கீழே இறக்கிப் பிரித்துவிடலாம் என்றான். கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. பிரித்தால் அதற்குள் சேராது. பிரிக்காவிட்டால் காயலான் கடை. உன் அப்பா முகம் கழுவிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். நாகேஷும் உட்கார்ந்தான். சாவு வீட்டில் காப்பி குடிப்பதுபோலக் குடித்தார்கள்.

அப்போது அடுப்பில் குக்கர். விசில் வரவில்லை. மூடியைச் சுற்றிப் பருப்புத் தண்ணீர் கசிந்து வழிகிறது. போன வாரம்தான் புது ரப்பர் போட்டேன். எனக்கு இருந்த எரிச்சல் சொல்ல முடியாது. அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, மூடியைத் திறந்து பார்த்தால் விசில் துளையில் ஒரு பருப்புத் தோல். ஊசியால் குத்தி எடுத்தேன். அந்தத் தோலை விரல் நுனியில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், “ரப்பர் மேல ரப்பரா மாத்திட்டு உக்காந்திருக்கீங்களே ரெண்டு பேரும், உங்க வண்டிக்கு விசில் எங்க இருக்கு?” என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். எனக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும். நாகேஷ் சிரித்துச் சிரித்துக் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். வண்டிக்கு ஹாரன்தான் மேடம் இருக்கிறது என்றான். உன் அப்பா சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, பருப்புத் தோலைப் பார்த்தார். நாகேஷ், நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்றார். சாப்பாட்டு நேரமே இல்லை அப்போது. அவனை அனுப்பிவிட்டுத் தனியாக வண்டியிடம் போனார். நாகேஷ் திரும்பி வந்தபோது பானட் மூடியிருந்தது. மூச்சுக் குழாயில் கோளாறு, பழைய ரப்பர், நானே சரி பண்ணிவிட்டேன் என்றார். பழைய ரப்பரைக் காட்டுங்கள் என்றான். எறிந்துவிட்டாராம். நாகேஷ் குப்பைத் தொட்டி வரை போய்ப் பார்த்தான். பிறகு கேட்டான், “ஆய்த்தா சார்?” உன் அப்பா சொன்னார், “ஆய்த்து.”

கல்யாணத்தன்று காலை உன் அப்பா செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். தன்னுடைய எட்டு முழ வெள்ளை வேட்டியைத் தெருவில் விரித்து, ஓட்டிச் சூடாக்கிய வண்டியை அதன்மேல் கொண்டுவந்து நிறுத்தினார். மாப்பிள்ளை வீட்டார், பூக்காரி, எதிர்வீட்டு நாய், எல்லாரும் குனிந்து அடியில் பார்த்தார்கள். நோரா புதுப் பட்டு கசங்குகிறதே என்றுகூடப் பார்க்காமல் முழங்காலில் உட்கார்ந்து பார்த்தாள். வேட்டி வேட்டியாகவே இருந்தது. லினெட் கவுனைத் தூக்கிப் பிடிக்காமல் அதன்மேலேயே நடந்து வந்து ஏறினாள். நோரா சாயங்காலம் ட்ரேயைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். அதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்.

இனி உனக்கு மட்டும். கல்யாணத்துக்கு முன்னால், உன் அப்பா வண்டியைச் சரிசெய்த மறுநாள், துணி துவைக்க அவர் சட்டைப் பையைத் துழாவினேன். ஒரு கறுப்பு உருண்டை. எண்ணெயில் ஊறி, வெந்து, பிசுபிசுவென்று. பிரித்துப் பார்த்தால் கர்சீப். ஓரத்தில் பச்சை நூலில் நான் போட்ட உன் பெயரின் முதல் எழுத்து. ஆயுத பூஜைக்கு இன்ஜினைக் கழுவியது நீதான், கண்ணா. தண்ணீர் ஊற்றும் முன் எந்தத் துளை தெரிந்தாலும் துணி வைத்து அடை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர். நீ ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் மூச்சுவிடுகிற குழாயில் கர்சீப்பை அடைத்து, கழுவி, அப்படியே திரும்ப மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, ஊருக்குப் போய்விட்டாய். மூச்சு போக வழியில்லாமல் உள்ளே முட்டி, கிடைத்த இடுக்கில் எல்லாம் எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. அதை நாம் எல்லாரும் டப்பா என்றோம். உன் அப்பா இன்றுவரை எவரிடமும் வாய் திறக்கவில்லை. என்னிடமும். பழைய ரப்பர், அவ்வளவுதான்.

கர்சீப்பைச் சோடா உப்புப் போட்டு வேகவைத்துத் துவைத்தேன். முழுக்கப் போகவில்லை, காப்பி நிறத்தில் நின்றுவிட்டது. இதோடு வைத்து அனுப்பலாம் என்று கொடியில் போட்டேன். சாயங்காலம் கொடியில் இல்லை. காற்று அடிக்கவில்லை. நேற்று வண்டியின் டாஷ்போர்டில் குடையைத் தேடினேன், கர்சீப் மடித்து, ஓரத்தில், அங்கே இருக்கிறது. நான் குடையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஆகவே அனுப்ப முடியவில்லை. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு லீவு கிடைத்தால் வா. இன்ஜின் கழுவ உன்னைத்தான் கூப்பிடுவார். மூக்குத் துடைக்க ஏதாவது கொடுத்தால், முதல் தடவை பார்ப்பதுபோல வாங்கிக்கொள்.

வேறு விசேஷம் இல்லை. மாவடு போட்டிருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். ராத்திரி பாலில் மஞ்சள் போட்டுக் குடி. நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் உனக்கு வாய்க்க வேண்டும், எப்போதும். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் புது வண்டிப் பேச்சை எடுக்காதே. கடைசித் தாளை மட்டும் தனியாகப் பிரித்து உன் அப்பாவிடம் இரண்டு வரி எழுதக் கொடுக்கிறேன், மேலே உள்ளதை அவர் படிக்க மாட்டார்.

உன் அம்மா,
தமயந்தி

சிரஞ்சீவி உமேஷுக்கு ஆசீர்வாதம். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. மூச்சுக் குழாயின் ரப்பர் பழசாகிவிட்டது, அதுதான் கோளாறு. யார் மேலும் தப்பில்லை. நீ எதையும் யோசிக்க வேண்டாம்.
அப்பா