படிக்கட்டு இல்லாத மாடி

பாப்பாவின் அப்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நம் வீட்டுக்கு நீங்கள் வரைந்து அனுப்பிய மாடி பிளானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இங்கே நான் தங்கியிருக்கும் அறையை டேப்பால் அளந்தேன். நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

உடன் தங்கியிருக்கும் நர்ஸ் கண்விழித்து, "என்னக்கா, ரூமை விலை பேசப்போறீங்களா?" என்றாள். பிளானைக் காட்டினேன். "உங்க வீட்டுக்காரர் எல்லாம் நல்லாத்தான் போட்டிருக்காரு. படிக்கட்டைத்தான் காணோம். ஏணி வச்சு ஏத்துவாரோ?" என்று சிரித்தாள்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். எனக்கு ஜன்னலோரம் மேசை, புத்தக அலமாரி, காலை வெயில் விழும் இடம் எல்லாம் குறித்திருக்கிறீர்கள். என்னையே நினைத்ததில் படியை மறந்துவிட்டீர்கள். சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டேன். பயப்படாதீர்கள், சந்தோஷ அழுகைதான்.

இந்த அறை எட்டுக்குப் பத்து. மூன்று வருடமாக இரண்டு பேர் இதில் சண்டையில்லாமல் இருக்கிறோம். நம் கூடமே இதைவிடப் பெரிது. மாடி எழும்ப வேண்டுமென்றால் நான் இந்த ஆஸ்பத்திரி லேப் வேலையில் இன்னும் இரண்டு வருடம் இருக்க வேண்டும். அதற்குள் பாப்பா பள்ளிக்கூடத்தையே முடித்துவிடுவாள். அவளுக்குத் தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டீர்கள். அத்தையையும் குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். இந்த நன்றியை ஃபோனில் சொல்ல வராது.

அவள் இப்போது என்ன அளவு செருப்பு போடுகிறாள்? எழுதுங்கள். உங்கள் பழைய போர்வை ஒன்றையும் எடுத்து வையுங்கள்.

வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. யாரிடமும் இன்னும் சொல்லவில்லை, நர்ஸிடம்கூட. நமக்கு மாடி வேண்டாம். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. நான் அதைப் புதுப்பிக்கப் போவதில்லை.

உங்களவள்