இல்லாத பிரேக்

உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டவளுக்கு,

மூன்று நாளாக நீ முகம் கொடுத்துப் பேசாததால், இதை நம் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. நம் வண்டியில் அது கிடையாது என்பது, இருபது வருஷம் மிதித்துப் பழகிய என் காலுக்குத் தெரியவில்லை. அந்தப் பழைய துறைமுக நகரத்துக்கு நீ ஓட்டிப் போன வழியெல்லாம் மிதித்தேன்.

"அம்மா, அப்பா முப்பத்தெட்டாவது தடவை மிதிச்சிட்டாரு" என்றாள் பின்சீட்டிலிருந்த மகள்.

கோட்டை வாசலில் வண்டியை நிறுத்தினாய். "இறங்குங்க. கோட்டைய ஆசை தீர மிதிச்சிட்டு பஸ்ல வாங்க" என்று சொல்லிவிட்டு, அவளுக்குக் கலங்கரை விளக்கம் காட்டப் போய்விட்டாய்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மூன்றாவது வளைவில் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார், என் சீட்ட உதைக்காம கடைசி சீட்டுக்குப் போறீங்களா?" என்றார். ஆக, குறை நீ ஓட்டுவதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னை இறக்கிவிடும் அவ்வளவு கோபத்திலும் நீ கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, அலுங்காமல் ஓரங்கட்டினாய். நான் பழக்கியவர்களில் ஒருவரும் அப்படி நிறுத்தியதில்லை. அன்றைக்கு அந்த ஒரு தடவைதான் என் கால் சும்மா இருந்தது.

இப்படிக்கு,
இனிமேல் பின்சீட்டில் வரப்போகிறவன்